மின்கிற்றாரும் துப்பாக்கிச் சத்தமும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, ஆங்கிலச் சண்டைப் படங்களுக்காக வெளிவந்த ஹார்ட் றொக், ஹெவி மெற்றல் பாடல் தொகுப்புகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோரையும் ஊர்ப்பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

உவர்மலை வாசகர்: தொண்ணூறுகளில் வாடகைக்கு எடுத்த வீடியோக் கசெற்றில் 'டெர்மினேற்றர் 2' பார்த்தேன். சிறுவன் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒலிக்கும் கன்ஸ் அன்ட் ரோசஸ் பாடலுக்காகவே, வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனரிடம் சொல்லி அந்தப் படத்தின் இசைத்தட்டை எடுப்பித்தேன். அதில் அந்தப் பாடலே இல்லை. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: உங்களை ஒருவரும் ஏமாற்றவில்லை. ஆனால் அட்டைப் படத்தை நம்பி வாங்கிய பலருக்கும் நேர்ந்த அதே மனவருத்தம் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு படத்தின் பெயரில் இரண்டு வகையான இசைத்தட்டுகள் வரக்கூடும். ஒன்றில் இசையமைப்பாளர் காட்சிகளுக்கென்று எழுதிய பின்னணி இசை இருக்கும். மற்றதில் வெவ்வேறு குழுக்களின் பாடல்கள் இருக்கும். சில படங்களுக்கு இரண்டும் வரும், சிலவற்றுக்கு ஒன்றுதான் வரும். 1991 இல் 'டெர்மினேற்றர் 2' படத்துக்கு வந்தது பிராட் ஃபீடெல் அமைத்த பின்னணி இசைத்தட்டு. நீங்கள் தேடிய 'யூ குட் பி மைன்' அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தனிப்பாடலாகவும், செப்டெம்பரில் அந்தக் குழுவின் 'யூஸ் யுவர் இல்லூஷன் 2' தொகுப்பின் ஒரு பகுதியாகவும் வெளிவந்தது. பாடலின் காணொளியில் ஆர்னோல்ட் ஷ்வாஸ்நேகர் தம் படத்து வேடத்திலேயே தோன்றியதால், அது படத்தின் தட்டில் இருக்கும் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

இதற்கு அடியில் இருப்பது உரிமைச் சிக்கல். ஒரு பாடலுக்கு இரண்டு உரிமைகள் உண்டு: பாடலை எழுதியவர்களுக்கும் அவர்களுடைய வெளியீட்டாளருக்கும் உரியது ஒன்று, ஒலிப்பதிவை வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கு உரியது மற்றொன்று. படத்தில் பாடலைச் சேர்க்க இரு தரப்பினதும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக அதே பாடலைத் தட்டில் அச்சிட்டு விற்கும் உரிமையும் கிடைத்துவிடாது. அதற்குத் தனியாகப் பேச வேண்டும், தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். தன்னுடைய தொகுப்பை விற்கக் காத்திருக்கும் ஒரு குழு, அதன் மிகச் சிறந்த பாடலை இன்னொருவருடைய தட்டுக்குத் தருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. 'அயன் மேன்' (2008) படத்தின் தொடக்கத்தில் ஏசி டிசி குழுவின் 'பாக் இன் பிளாக்' அதிர்கிறது. ஆனால் ரமின் ஜவாடியின் கிற்றார் நிறைந்த பின்னணி இசையைக் கொண்ட படத்தின் தட்டில் அது இல்லை.

உரிமை கிடைக்காததால் நன்மை விளைந்த கதையும் உண்டு. 'ரொக்கி 3' படத்துக்குக் குயின் குழுவின் 'அனதர் வன் பைற்ஸ் த டஸ்ட்' பாடலைப் பயன்படுத்த சில்வெஸ்டர் ஸ்டலோன் விரும்பினார். அனுமதி கிடைக்காததால் சர்வைவர் என்ற குழுவிடம் புதிய பாடல் ஒன்றைக் கேட்டார். 1982 இல் வந்த 'ஐ ஒஃப் த டைகர்' அப்படித்தான் பிறந்தது. மறுபக்கத்தில், பிளாக் சபத், ப்ளூ ஒய்ஸ்டர் கல்ட், சமி ஹாகர் எனப் பலரைத் திரட்டிய 'ஹெவி மெற்றல்' (1981) என்ற அசைவூட்டப் படம், பாடல் உரிமைகள் ஒழுங்குக்கு வராததால் 1996 வரை முறையான வீட்டு வீடியோவாக வெளிவரவே முடியவில்லை. தட்டின் அட்டையில் 'படத்திலிருந்தும் படத்தின் தூண்டுதலாலும் உருவான இசை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், உள்ளே இருக்கும் பாடல்களுள் சில படத்தில் ஒரு வினாடிகூட ஒலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசகர்: சுற்றுலாக் காலத்தில் ஹோட்டல்களில் கிற்றார் வாசிக்கிறேன். இந்த வகையில் ஒரே ஒரு தொகுப்பைத்தான் கேட்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? பட்டியல் வேண்டாம்.

பதில்: 'லாஸ்ட் அக்‌ஷன் ஹீரோ', 1993. படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஜோன் மக்டியர்னன் இயக்கி ஷ்வாஸ்நேகர் நடித்த அந்தப் படம், 'ஜுராசிக் பார்க்' வெளியாகி ஒரு வாரத்தில் திரைக்கு வந்து, டைனோசர்களுக்கு முன்னால் நிற்க முடியாமல் போனது. தொகுப்போ அமெரிக்காவில் பத்து இலட்சம் பிரதிகளுக்கு வழங்கப்படும் பிளாட்டினம் தகுதியைப் பெற்றது.

இத்தகைய ஒரு தொகுப்பு அந்தக் காலத்தில் எப்படிச் சாத்தியமானது என்பதையும் சொல்ல வேண்டும். சோனி நிறுவனம் 1988 இல் சிபிஎஸ் ரெக்கோர்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு கொலம்பியா பிக்சர்ஸ் என்ற படநிறுவனத்தையும் வாங்கியது. ஆகவே படம் எடுக்கும் கையும் தட்டு வெளியிடும் கையும் ஒரே உடலைச் சேர்ந்தவையாகிவிட்டன. படம் தட்டை விற்கும், தட்டு படத்தை விற்கும், தொலைக்காட்சியில் ஓடும் பாடல் காணொளி இரண்டுக்கும் விளம்பரமாகும் என்பதே கணக்கு. கணக்கு வணிகருடையது என்றாலும், அதனால் கிடைத்த பணமும் நேரமும் குழுக்களைப் புதிய பாடல்கள் எழுத வைத்தன என்பதுதான் நமக்கு முக்கியம். என் அளவுகோல் இதுதான்: மூலையில் கிடந்த மிச்சப் பாடல்களைத் தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார்களா, அல்லது அந்தப் படத்துக்கென்று உட்கார்ந்து உழைத்திருக்கிறார்களா? இந்தத் தொகுப்பில் உழைப்பு காதில் விழுகிறது.

ஏசி டிசியின் 'பிக் கன்' முதல் பாடல். பாடலைத் தயாரித்தவர் ரிக் ரூபின். அதன் காணொளியில் ஷ்வாஸ்நேகர், குழுவின் கிற்றார்காரர் அங்கஸ் யங்கைப் போலப் பாடசாலைச் சீருடையும் தொப்பியும் அணிந்து மேடையில் குதிப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மெகாடெத்தின் 'அங்ரி அகெய்ன்' ஒரே ஒரு கனத்த கிற்றார் வரியின் மீது நிற்கிறது. குழுவின் பாடகரும் கிற்றார்காரருமான டேவ் மஸ்டெய்ன் அதை அவசரப்படாமல் நடத்திச் செல்கிறார். வேகமாக வாசிப்பதுதான் மெற்றல் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பாடலையே மருந்தாகக் கொடுக்க வேண்டும். அலிஸ் இன் செயின்ஸ் தந்த இரண்டு பாடல்களும் மைக் ஐனஸ் பேஸ் வாசிப்பாளராகச் சேர்ந்த பிறகு அவர்கள் செய்த முதல் ஒலிப்பதிவுகள். இருண்ட, இழுபடும் அந்தக் குரல்கள் நகைச்சுவை கலந்த ஒரு சண்டைப் படத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது வியப்புத்தான்.

ஆனால் தொகுப்பை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பவர் படத்தின் இசையமைப்பாளர் மைக்கல் கேமன். ஏரோஸ்மித்தின் 'டிரீம் ஒன்' இங்கே அவர் நடத்திய வாத்தியக் குழுவுடன் மேடையில் பாடப்பட்ட வடிவத்தில் இருக்கிறது. டெஃப் லெப்பர்டின் 'டூ ஸ்டெப்ஸ் பிஹைன்ட்' முதலில் வெறும் மரக்கிற்றார்ப் பாடலாக இருந்தது. அதற்கு வயலின் வரிசையைச் சேர்த்தவரும் அவரே. இந்த மனிதரின் பெயரைக் கவனித்து வையுங்கள். 'ஹைலண்டர்' (1986) படத்தில் குயின் குழுவின் பாடல்களோடு தம் பின்னணி இசையை இணைத்தவர், 'லீதல் வெப்பன்' (1987) படத்தில் எரிக் கிளப்டனின் கிற்றாரை இழைத்தவர், 1999 இல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி வாத்தியக் குழுவை மெற்றாலிக்காவுடன் ஒரே மேடையில் அமர்த்தி நடத்தியவர் எல்லாம் இவர்தான். 2003 இல் காலமானார். றொக் இசைக்காரரும் வாத்தியக் குழுவும் ஒருவரையொருவர் அவமதிக்காமல் சேர்ந்து வாசிக்க முடியும் என்பதைச் சண்டைப் படங்களின் வழியாகவே அவர் காட்டினார்.

நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் இரவு உணவு நேரத்தில் 'அங்ரி அகெய்ன்' வாசிக்க முகாமையாளர் விடுவாரா என்பது எனக்குச் சந்தேகமே. 'டூ ஸ்டெப்ஸ் பிஹைன்ட்' வாசித்தால் ஐரோப்பியப் பயணிகளுள் நாற்பது வயது தாண்டியவர்கள் கூடப் பாடக்கூடும்.

கிண்ணியா வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும். சிறிய உடற்பயிற்சி நிலையம் ஒன்று வைத்திருக்கிறேன். இளைஞர்களுள் பாதிப் பேர் றப் வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் மெற்றல் வேண்டும் என்கிறார்கள். இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தும் தொகுப்பு உண்டா?

பதில்: வஅலைக்கும் ஸலாம், சகோதரரே. உங்கள் பிரச்சினைக்கென்றே தயாரித்தது போல ஒரு தொகுப்பு 1993 இல் வந்தது. 'ஜட்ஜ்மென்ற் நைட்' என்ற படத்துக்காக, பதினொரு பாடல்களிலும் ஒரு றொக் குழுவையும் ஒரு றப் குழுவையும் இணைத்தார்கள். ஹெல்மெட்டுடன் ஹவுஸ் ஒஃப் பெயின், ஸ்லேயருடன் ஐஸ்-டி, பயோஹசார்டுடன் ஒனிக்ஸ், ஃபெயித் நோ மோருடன் பூ-யா ட்ரைப் என்று ஜோடிகள் போகின்றன. படத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு. அதன் பாடல்களோ, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் றப்பையும் மெற்றலையும் கலந்து புகழடைந்த குழுக்களுக்குப் பாதை வெட்டியவற்றுள் எண்ணப்படுகின்றன. ஹெல்மெட்டும் ஹவுஸ் ஒஃப் பெயினும் சேர்ந்த 'ஜஸ்ட் அனதர் விக்டிம்' பாடல் நடுவில் தாளம் மாறி முழு றப்பாகவே ஆகிவிடுவதைக் கவனியுங்கள். பாரம் தூக்குகிறவர்கள் அந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தத் தொகுப்பைத் தயாரித்த ஹாப்பி வோல்ற்றர்ஸ் 1997 இல் 'ஸ்போன்' படத்துக்கு இதே உத்தியை மீண்டும் கையாண்டார். இம்முறை றப்புக்குப் பதிலாக மின்னணு இசைக்காரர்களை மெற்றல் குழுக்களுடன் கோத்தார். மெற்றாலிக்காவின் பழைய பாடலை டிஜே ஸ்பூக்கி சிதைத்துப் போடுகிறார். ஸ்லேயரும் அட்டாரி டீனேஜ் றயட்டும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலை உங்கள் நிலையத்தில் போட்டால் பக்கத்து வீட்டார் முறையிடுவார்கள். ஃபில்டரும் கிரிஸ்டல் மெதட்டும் செய்த முதல் பாடல் ஒன்றே நிச்சயமாகத் தேறும். இரண்டு தொகுப்புகளிலும் வசைச்சொற்கள் உண்டு என்பதால், சிறுவர் வரும் நேரத்தில் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

மூதூர் வாசகி: பாடசாலையில் கர்நாடக சங்கீதம் கற்பிக்கிறேன். மேலைநாட்டுச் சண்டைக் காட்சிகளுக்கு ஏன் இந்தக் கிற்றார் இரைச்சலே பொருத்தமாகக் கருதப்படுகிறது? அதில் இசையிலக்கணம் ஏதும் உண்டா?

பதில்: உண்டு, ஆசிரியை அவர்களே. நீங்கள் நாள்தோறும் தம்புராவில் மீட்டும் சட்ஜமும் பஞ்சமும்தான் அதன் அத்திவாரம். கிற்றார்காரர்கள் பவர் கோர்ட் என்று சொல்வது, ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து ஒலிக்கும் கூட்டு. காந்தாரம் அதில் இல்லை. மேலை இசையில் மகிழ்ச்சிச் சாயலா துயரச் சாயலா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காந்தாரமே. அது விலக்கப்பட்டதும் அந்தக் கூட்டு மகிழ்வதும் இல்லை, அழுவதும் இல்லை. வெறும் பலமாக நிற்கிறது. இதற்கு மின்னியல் காரணமும் இருக்கிறது. ஒலிபெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் ஊட்டி ஒலியை வேண்டுமென்றே உடைப்பதை டிஸ்டோர்ஷன் என்பார்கள். அப்படி உடைக்கும்போது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கிடையில் புதிய உபசுரங்கள் பிறக்கின்றன. சட்ஜமும் பஞ்சமும் 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால் அந்த உபசுரங்கள் அவற்றோடு ஒத்துப்போகின்றன, கூட்டு தடிப்பாகிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் சேறாகக் கலங்கிவிடும்.

தாளத்துக்கு இன்னொரு உத்தி இருக்கிறது. வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் அடிப்பாகத்தில் மெதுவாக வைத்துக்கொண்டு மீட்டினால், நீண்ட நாதம் அடங்கி, மிருதங்கத்தின் இடந்தலையில் அடித்து அமுக்கியது போன்ற கட்டையான சொற்கள் வரும். கிற்றார் அங்கே தாளவாத்தியமாகிவிடுகிறது. டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு கால்களாலும் மிதித்து அதே சொற்களை இரட்டிப்பார். ஓட்டம், துரத்தல், அடி ஆகிய மூன்றுக்கும் உடல் தானாகவே அந்த இசைக்கு இணங்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த கிற்றார் ஒலி, மனிதப் பேச்சின் தெளிவுக்குத் தேவையான ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பரப்பையும் நிரப்பிவிடும். கதாபாத்திரங்கள் பேசும் இடத்தில் அதை ஒலிக்க விட்டால் ஒரு சொல்லும் விளங்காது. அதனால்தான் இத்தகைய பாடல்கள் படத்தின் தொடக்கத்திலோ, வாகன ஓட்டத்திலோ, எழுத்துகள் ஓடும் முடிவிலோ வருகின்றன. இந்த எல்லையைக் கடந்து, கிற்றாரையே போர்க்களத்துக்குள் கொண்டுவந்த படம் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி றோட்' (2015). போர்முரசு கொட்டும் வண்டியின் முகப்பில், நெருப்பு உமிழும் கிற்றாருடன் ஒருவர் தொங்கிக்கொண்டிருப்பார். ஐயோட்டா என்ற அவுஸ்திரேலிய இசைக்கலைஞர் நடித்த வேடம் அது. கிற்றாரும் மெய்யாகவே வாசிக்கக்கூடியது, நெருப்பும் மெய்யானது.

தாளம் கற்பிக்கிறவர் என்பதால் ஒரு வேண்டுகோள். லாலோ ஷிஃப்ரின் அமைத்த 'மிஷன் இம்பொசிபிள்' இசையை மாணவருக்குப் போட்டுக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஐந்து எண்ணிக்கை வரும். உள்ளே அரை எண்ணிக்கைகளாக 3, 3, 2, 2 என்று அது பிரியும். 1996 இல் யூ2 குழுவின் அடம் கிளேற்றனும் லரி மலனும் அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றினார்கள். நடனத்துக்கு வசதியாயிற்று, பாதிப் பதற்றம் போய்விட்டது.

தம்பலகாமம் வாசகி: என் மகனுக்குப் பதினைந்து வயது. இரவு பகலாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தச் சண்டைப் படப் பாட்டுகளையே கேட்கிறான். குணம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் ஒரு பாதி தேவையற்றது, மறு பாதி மிகவும் தேவையானது. குணத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2015 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடும் மெற்றல் வகைகளை வழக்கமாகக் கேட்கும் 39 பேருக்கு முதலில் கோபமூட்டி, பிறகு சிலரைத் தாங்கள் விரும்பிய இசையைக் கேட்கவும் மற்றவர்களை அமைதியாக இருக்கவும் விட்டார்கள். இசை கேட்டவர்களின் கோபம் கூடவில்லை; மௌனமாக இருந்தவர்களைப் போலவே அவர்களும் தணிந்தார்கள். சிறிய ஆய்வு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்தது. ஆகவே அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். உங்கள் மகன் நன்றாகச் சாப்பிட்டு, நண்பர்களோடு பழகி, பாடங்களையும் பார்க்கிறான் என்றால் பாட்டை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள். அப்படி இல்லையென்றால், அதற்குக் காரணம் ஹெட்போனுக்கு வெளியே இருக்கும்.

காது விடயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். மெற்றல் ஒலிப்பதிவுகளில் மெல்லிய இடங்கள் குறைவு என்பதால் காதுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. கைத்தொலைபேசியில் ஒலியளவுக்கு வரம்பு போடும் வசதி இருக்கிறது. மகனையே அதைச் செய்யச் சொல்லுங்கள். காதில் இரைச்சல் கேட்பதாக அவன் சொன்னால் தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நிலாவெளி வாசகர்: புதிய பாடல்கள் உள்ள தொகுப்பே சிறந்தது என்று நீங்கள் முன்பு ஓர் இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 'த மேட்ரிக்ஸ்'?

பதில்: நியாயமான மடக்கு. 1999 இல் வந்த அந்தத் தொகுப்பின் முக்கியப் பாடல்கள் ஏற்கெனவே வெளிவந்தவைதான். ராம்ஸ்டைனின் 'டு ஹாஸ்ட்', டெஃப்டோன்ஸின் 'மை ஓன் சம்மர்' ஆகிய இரண்டும் 1997 ஆம் ஆண்டுத் தொகுப்புகளிலிருந்தும், மரிலின் மான்சனின் 'றொக் இஸ் டெட்' 1998 ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்தும் எடுக்கப்பட்டவை. படம் முடியும்போது ஒலிக்கும் ரேஜ் அகென்ஸ்ட் த மெஷினின் 'வேக் அப்' 1992 ஆம் ஆண்டுப் பாடல். இருந்தும் தொகுப்பு நிற்கிறது. ஏனென்றால் யாரோ ஒருவர் நல்ல காதோடு பொறுக்கியிருக்கிறார். இயந்திரத் தாளமும் மனிதக் கோபமும் கலந்த பாடல்களை மட்டுமே எடுத்திருக்கிறார்கள், படத்தின் பொருளும் அதுவே. ஆயினும் என் அளவுகோலை நான் கைவிடப் போவதில்லை. 'த க்ரோ' (1994) தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கியூர் குழு அந்தப் படத்துக்கென்றே 'பேர்ன்' எழுதியது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ், ஜோய் டிவிஷனின் பழைய பாடலைத் தன் வழியில் மீண்டும் செய்தது. பன்டேரா, பொய்சன் ஐடியாவின் பாடலைப் பிடித்து உலுக்கியது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'த மேட்ரிக்ஸ்' நல்ல பட்டியல். 'த க்ரோ' ஒரு முழுமையான ஆக்கம்.

சீனன்குடா வாசகர்: ஒரே குழு முழுத் தொகுப்பையும் செய்த சண்டைப் படங்கள்?

பதில்: ஏசி டிசி இரண்டு முறை. 1986 இல், எழுத்தாளர் ஸ்டீவன் கிங் இயக்கிய, லொறிகள் மனிதரைத் துரத்தும் படமான 'மக்சிமம் ஓவர்டிரைவ்' படத்துக்கு 'ஹூ மேட் ஹூ'. அதில் ஒன்பது பாடல்கள். பெயர்ப் பாடலும் இரண்டு வாத்திய இசைகளும் மட்டுமே புதியவை. 2010 இல் 'அயன் மேன் 2' படத்துக்குப் பதினைந்து பாடல்கள், எல்லாமே பழையவை. அந்தக் குழுவை முதன்முதலாகக் கேட்பவருக்கு இரண்டாவது நல்ல அறிமுகம். 'டெத் விஷ் 2' (1982) படத்துக்கு லெட் செப்லினின் ஜிம்மி பேஜ் இசையமைத்திருக்கிறார். படம் மனத்தைக் கசக்கும், இசை கேட்கத்தக்கது.

பாலையூற்று வாசகர்: நம் தமிழ்ப் படங்களில் இப்படி ஏன் இல்லை? யுவன், அனிருத் இசையில் கிற்றார் அதிர்கிறதே?

பதில்: அதிர்கிறது, நன்றாகவே அதிர்கிறது. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் சண்டைப் படம் போட்டால் நித்திரை கொள்ள முடிவதில்லை என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் நம்முடைய முறை வேறு. தமிழ்ப் படத்தில் பாடல்களும் பின்னணி இசையும் பெரும்பாலும் ஒரே இசையமைப்பாளரின் பொறுப்பு. கனத்த கிற்றார் வேண்டுமென்றால் அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு கிற்றார் கலைஞரை அழைத்து வாசிக்க வைப்பார். அது நாயகன் நடந்து வரும் சில வினாடிகளுக்கு நிற்கும். பிறகு அவருடைய பெயரை முழங்கும் கூட்டுக்குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடும். மெற்றல் ஒரு வாசனைப் பொருளாகத் தூவப்படுகிறதே தவிரச் சமைக்கப்படுவதில்லை. மேலைநாட்டுத் தொகுப்புகளின் சுவை, பத்துக் குழுக்கள் பத்து விதமாக ஒரே படத்தை எதிர்கொள்வதில் இருக்கிறது. அதற்குச் சுதந்திரமான குழுக்களும் அவற்றைத் தேடிப் போகும் தயாரிப்பாளரும் வேண்டும். குழுக்கள் இல்லாமல் இல்லை. நம் நாட்டிலேயே கொழும்பின் ஸ்டிக்மாட்டா நீண்ட காலமாக மெற்றல் வாசித்து வருகிறது. தமிழில் பாடும் இளைஞர் குழுக்களிடம் ஒவ்வொரு பாடல் கேட்டு வாங்கி ஒரு சண்டைப் படத்துக்குத் தொகுப்புப் போட, ஒரு நட்சத்திரத்தின் சம்பளத்தில் சிறு பகுதி போதும். இசையமைப்பாளர் தம் இருக்கையில் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி.

அலஸ்தோட்டம் வாசகர்: இந்தத் தொகுப்புகளை இணையத்தில் தேடினால் சில பாடல்கள் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன, ஒலிப்பதில்லை. ஏன்?

பதில்: உவர்மலை வாசகருக்குச் சொன்ன அதே உரிமைப் பிரச்சினைதான், புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தொகுப்பில் ஒவ்வொரு பாடலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கு உரியது. தட்டு அச்சிடும் காலத்தில் செய்த ஒப்பந்தம், இணைய ஒலிபரப்பையோ நம் நாட்டையோ உள்ளடக்கியிராவிட்டால் அந்தப் பாடல் அங்கே பெயராக மட்டுமே தொங்கும். மெற்றாலிக்கா 'மிஷன் இம்பொசிபிள் 2' படத்துக்காகச் செய்த 'ஐ டிசப்பியர்' 2000 ஆம் ஆண்டில் படம் வெளியாகும் முன்பே நப்ஸ்டர் கோப்புப் பகிர்வு வழியாகக் கசிந்தது. முடிக்கப்படாத பதிவு வானொலிகளில் ஒலிப்பதைக் கேட்ட குழுவினர், அந்த ஆண்டு ஏப்ரலில் நப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்தார்கள். இன்று நாம் மாதக் கட்டணம் கட்டிப் பாட்டுக் கேட்கும் ஏற்பாடு உருவானதற்குப் பின்னால் இருந்த சண்டைகளுள் ஒன்று, ஒரு சண்டைப் படப் பாட்டிலிருந்தே தொடங்கியது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. தொகுப்பின் பாடல் வரிசையை எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலையும் அந்தந்தக் குழுவின் சொந்தப் பக்கத்தில் தேடுங்கள். பெரும்பாலானவை குழுக்களின் பிற்காலத் திரட்டுகளில் கிடைக்கும். கிடைத்தவற்றை அதே வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். வேறொரு மேடைப் பதிவோ புதிய பதிவோ தவறுதலாக வந்துவிடாமல், பாடலின் நீளத்தையும் பழைய தட்டின் பின்னட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.